ஆபிதா டீச்சரின் விலகல் கடிதம்

பேட்டை,
5-5-1998

அன்புள்ள ஆபிதாவுக்கு, அசன் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ரைஹானத்தும் நல்ல சுகம். நீ கம்ப்யூட்டர் பயிற்சிக்கு மதுரை போன பத்து நாளில் அவள் மூன்று விதமாகச் சோற்றைக் குழைக்கப் பழகிவிட்டாள். குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன்.

உன் கடிதமும், ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கச் சொல்லி உள்ளே வைத்திருந்த விலகல் கடிதமும் கிடைத்தன. நாள் முழுக்க உட்கார்ந்து நீ கம்ப்யூட்டரில் அடித்த பாடம், பிளாப்பியில் கொண்டுபோய் அடுத்த மிஷினில் திறந்ததும் கோணல்மாணலாகக் கொட்டியதையும், சின்ன வயசு வாத்தியார்கள் சிரித்ததையும் படித்தேன். தமிழ் வாத்தியாருக்கு இந்தப் பெட்டி சரிப்படாது, தமிழுக்கும் வேண்டாம் என்று முடித்திருக்கிறாய்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஜங்ஷனில் அச்சாபீஸ் வைத்திருக்கும் சங்கரசுப்பிரமணியனிடம் போனேன். அவரும் இப்போது கம்ப்யூட்டரில்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "பாய், டீச்சரம்மா மேல என்ன தப்பு இருக்கு வே? ஒவ்வொரு மிஷின்லயும் ஃபாண்டுன்னு ஒவ்வொரு தமிழெழுத்த ஏத்தி வச்சிருக்கான். இதுல அடிச்சத அதுல தொறந்தா புழு நெளியுத மாதிரிதான் தெரியும். போன மாசம் ஒரு மாப்பிள்ளை பேரே அப்படிப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரன் என்னைய அடிக்காத குறை" என்றார். நீ அடித்த அதே எழுத்தை அடுத்த மிஷினிலும் ஏற்றச் சொல். பாடம் ஒழுங்காக வரும். சிரித்தவர்களுக்கும் இது தெரிந்திருக்காது.

இனி என் பேச்சு. தமிழுக்கு இது ஆகாது என்று யோசித்து நீ விலகினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்த தமிழ் எனக்குத் தெரியாது. ஆனால் நாலு பேர் சிரித்ததற்காக இருபத்திரண்டு வருஷ வேலையை விடுவது தமிழ்ப்பற்று இல்லை, ரோஷம். என் வத்தல் மண்டியில் நஷ்டத்துக்குப் பல தடவை சரக்கு விற்றிருக்கிறேன். கோபத்தில் விற்றது ஒரே தடவை. அதுதான் இன்றைக்கும் குடைகிறது.

விலகல் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. ஒளித்து வைக்கவும் மனசு வரவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதானால் பதினைந்தாம் தேதி பயிற்சியை முடித்துவிட்டு வந்து உன் கையால் கொடு. நானும் கூட வருகிறேன்.

சுகர் மாத்திரையை மறக்காதே. அல்லாஹ் உனக்குத் தைரியம் தரட்டும். வாசலில் ஆட்டோ நின்றால் நீயோ என்று எட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் பதினைந்துக்கு முன்னால் வந்துவிடாதே, புள்ள.

உன்
அசன் மைதீன்