கணக்குத் தாளும் மலைப்பாதை லாரியும்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை நீயே எழுதினால்தான் நம்புவேன். முதலில் செய்தி. கணக்குத் தேர்வு இருபதாம் தேதிதான், தள்ளிவைக்க வழியில்லை. தேர்வு அலுவலகக் கண்காணிப்பாளர் இன்று காலை நேரில் சொன்னது இது. அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதற்குள் மெக்கானிக் பயிற்சிக்கு உன் வயது தாண்டிவிடும். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் தேர்வுக்குப் பட்டாளத்தில் என்ன மதிப்பு என்று கேட்டிருந்தாய். ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் விசாரித்தேன். பயிற்சியானாலும் பதவி உயர்வானாலும் பள்ளிச் சான்றிதழுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்களாம். அது இல்லையென்றால் உனக்குக் கடைசிவரை ஸ்டியரிங்தான்.

இருபதாம் தேதிதான் சரக்கு லாரிகள் மலையேறுகின்றன, நான் லீவு போட்டால் என் வண்டியைத் தோழி சோடாபுட்டி ஓட்டவேண்டும், கண்ணிவெடிப் பாதையில் அவளை அனுப்பிவிட்டு நான் பேனா பிடிக்கவா என்று எழுதியிருந்தாய். அப்பா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு தடவை கணக்குல கோட்டை விட்டவ, இந்தத் தடவை லாரியைச் சாக்கா காட்டுறா" என்றார். அதட்டினேன். ஆனால் அவர் சொன்னது தப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீதான் சொல்லவேண்டும். நேற்று சோடாபுட்டியே போன் செய்தாள். "அவ லீவு போட்டாலும் போடாட்டியும் அந்த ரோட்டுல நான் போறவதாம்மா, அடுத்த ட்ரிப் என்னோடது. அவ மெக்கானிக் ஆனா என் பிரேக்கையாவது ஒழுங்கா பார்ப்பா" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், மலையிறங்கியதும் போன் செய்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கும் பயம்தான், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். பாதை பத்திரம் என்றும் எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. உன்னை அந்த லாரியிலிருந்து இறக்கத்தான் நான் பார்க்கிறேன், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அவளுக்காக நீயே முடிவெடுக்காதே, அவளிடம் உட்கார்ந்து பேசு. பின்னக் கணக்கில் அவசரப்படுவாய், கடைசி வரியை இன்னொரு தடவை பார். ஈரக் காலுறையோடு தூங்காதே.

எந்தப் பாதையில் போனாலும் முழுசாகத் திரும்பி வா, அதுதான் எங்கள் ஆசீர்வாதம். லீவுக்குக் கேப்டன் கையெழுத்து வேண்டும். பன்னிரண்டாம் தேதி மாலைவரை அவர் முகாமில் இருப்பார் என்று சோடாபுட்டி சொன்னாள். நீ அவரிடம் லீவு கேட்பாயா என்பது மட்டும் இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. பதின்மூன்றாம் தேதி காலை அப்பா மிஷினை ஓட்டப்போவதில்லை, ஓட்டினால் உன் போன் மணி காதில் விழாதாம்.

உன் அம்மா