மேகம் பார்க்கப் போகிறோம், மதினி

மதினி,

இன்று மத்தியானம் மகனின் நெஞ்சில் தேய்க்க யூகலிப்டஸ் தைலத்தைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நம் ஊர் வீட்டின் உள்ளறையும், நார்க்கட்டிலும், கட்டிலுக்கு அடியில் கிடந்த உங்கள் நீலப் பையும் ஒன்றாக வந்துவிட்டன. அவன் தூங்கிவிட்டான். மூச்சு சீராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு காது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து என்ன கடிதம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அடுத்த வாரம் நாங்கள் கொடைக்கானல் போகிறோம். அவர், நான், பையன். இங்கிருந்து மதுரை, மதுரையில் இறங்கி மலைக்கு அடுத்த வண்டி. அறைக்குக்கூடச் சொல்லியாயிற்று.

பயமாகத்தான் இருக்கிறது மதினி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பையனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சளி பிடித்தால் மூச்சு இழுக்கிறது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பானா, குளிர் தாங்குவானா, ராத்திரி இழுத்தால் அங்கே டாக்டர் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று, கறிக்கு வெங்காயம் நறுக்கும்போதுகூட யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் டாக்டர் சிரித்தார். “மலையில பிள்ளைங்களே இல்லையாம்மா? மருந்தைக் கையில வச்சுக்கோங்க. காதை நல்லா மூடிக் கூட்டிட்டுப் போங்க” என்றார். டாக்டர் சொல்லிவிட்டார். வீடு சொல்லவில்லை.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் நான் கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரியில் டிரைவர். எப்போதும் வடக்கே போகிற வண்டி, ஒரு தடவை கொடைக்கானலுக்குப் போயிற்று. திரும்பும்போது காரட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பை பேரிக்காய், ஒரு புட்டி தைலம், உங்களுக்கு ஓர் அரக்கு நிற ஸ்வெட்டர். அந்தப் பேரிக்காயை நாம் இரண்டு பேரும் கடித்துக் கடித்துப் பார்த்து, இது பழமா காயா என்று சண்டை போட்டோம். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “அங்கன சன்னலைத் தெறந்து வச்சா மேகம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகுது.”

நீங்கள் குழம்பு ஊற்றிய கரண்டியோடு அப்படியே நின்றீர்கள்.

“வீட்டுக்குள்ளயா?”

“ஆமா. ஒரு வாசல்ல வந்து மறுவாசல்ல போகுது. அங்க உள்ளவக கண்டுக்கிறதே இல்ல.”

மறுநாள் பருத்திக்காட்டில் விறகுக்கு மார் எடுக்கும்போது, காய்ந்த செடியைப் பிடுங்கி ஓங்கித் தரையில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: “ஏட்டி, ஐப்பசியில நம்ம தலைக்கு மேல இருட்டிக்கிட்டு வருது. நாலு தூத்தலப் போட்டுட்டு மேக்க பாத்துப் போயிருது. இங்கன விதை போட்டவன் அண்ணாந்து பாத்தே கழுத்து வலிச்சுச் சாகுதான். அங்கன என்னடான்னா வீட்டுக்குள்ள வந்து விருந்தாடுதாம். நான் ஒருநா போயி அதை நேருக்கு நேரா நின்னு கேக்கணும்.”

“என்னன்னு கேப்பீங்க மதினி?”

“எங்க ஊரு ஒனக்கு என்ன குறைச்சல்னு.”

அப்போது சிரித்தேன். காலடியில் கரிசல், கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது நம் ஏற்பாடு. அந்தச் சித்திரை வெயிலில் நீங்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆட்டுரலில் மாவாட்டியதை அம்மா பார்த்துவிட்டாள். “ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?” நீங்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பழகுதேன் அத்தை, திடீர்னு போட்டா ஒடம்பு ஒத்துக்கணும்லா” என்றீர்கள். நீலப் பையில் உங்கள் சேலைகள், அண்ணனின் போர்வை, தலைக்குக் கட்ட என் ஸ்கூல் தாவணி. கூடவே தேய்த்துக் கழுவிய ஒரு வெள்ளைக் கேன். தண்ணீருக்கு.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “மலையில எங்க பாத்தாலும் தண்ணி ஊத்துது. அங்கன போயித் தண்ணியத் தூக்கிட்டுப் போவியா?”

“ஊத்தட்டும். அது யாரு தண்ணியோ? நம்ம பாட்டுக்கு மோந்து குடிச்சா அவிய சும்மா விடுவாகளா?”

நம் தெருக்குழாயில் வரிசை மாறி ஒரு குடம் வைத்ததற்காக இரண்டு வீடுகள் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தன. சொந்தக்காரன் இல்லாத தண்ணீர் ஒன்று உலகத்தில் ஓடும் என்பதை உங்களால் நம்பவே முடியவில்லை.

இனி எங்களைப் பெற்ற ஐயாவிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அண்ணனுக்கும் ஆசைதான். ஆனால் ஐயா தலையசைக்காமல் அந்த வீட்டில் ஆட்டுக்குட்டிகூட வெளியூர் போகாது. நம் ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்பினால் கல்யாணம், இழவு, ஆஸ்பத்திரி, சாமி, இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

சாயங்காலம். ஐயா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீங்களே கேட்டீர்கள். அண்ணன் பக்கத்தில் நின்று தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடைக்கானலா? அங்கன என்ன?”

“பாத்துட்டு வாரோம் மாமா.”

“என்னத்தைப் பாக்க?”

“மலையை. மேகத்தை.”

ஐயா ஒருமுறை வானத்தைப் பார்த்தார். “கோயிலு இருக்கா?”

உள்ளேயிருந்து அம்மா அவசரமாக வந்தாள். “இருக்கு இருக்கு, முருகன் கோயிலு இருக்காம். பிள்ளை வரம் கேட்டு நேந்திருக்கா. அதான் கேக்கா.”

உங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம். வயிறு திறக்கவில்லை என்று தெரு பேச ஆரம்பித்திருந்தது. அம்மா நல்ல எண்ணத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். ஐயாவின் முகம்கூட இளகிவிட்டது. நீங்கள் தலையைக் குனிந்திருந்தால் போதும்.

“நேரலை அத்தை” என்றீர்கள். சத்தமாகக்கூட இல்லை. “பிள்ளை வேணும்னா நம்ம சாமிகிட்ட இங்கனயே கேப்பேன். இது சும்மா பாக்கத்தான் மாமா.”

“சும்மாவா?” ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். “சும்மா போயிட்டு வாரதுக்கு நம்ம என்ன சினிமாக்காரங்களா?”

அவ்வளவுதான். பயணம் முடிந்தது.

அடுப்படியில் நான் உங்களிடம் பொரிந்தேன். ஒரு வார்த்தைதானே, தலையை ஆட்டியிருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருக்கலாமே என்றேன். நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னீர்கள்: “நேந்தேன்னு சொன்னா, அங்கன போயும் நேத்திக்கடனைத்தானே செய்யணும். முடி எறக்கணும், பொங்கல் வைக்கணும், விழுந்து கும்பிடணும். நான் மேகத்தை எப்பப் பாக்க?” பிறகு புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வருசமும் போணும்னு தோணும்ட்டி. அப்ப எந்தச் சாமியச் சொல்லுவேன்?” என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் பையை வெளியே எடுத்து உதறி, வெயிலில் போட்டு, மறுபடி அடுக்கி வைப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் ஐயாவிடம் கேட்பீர்கள், அதே வார்த்தைகளில். அவரும் அதே பதிலைச் சொல்வார். வெளியே இருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். நீங்கள் விளையாடவில்லை.

பிறகு அந்தக் காமாலை வந்தது. கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்க வேண்டும். வேர் அரைத்துக் கொடுத்து, கயிறு மந்திரித்துக் கட்டி, நாள் பார்த்து, அப்புறம்தான் வண்டி பிடித்தார்கள். அண்ணன் வடநாட்டு லோடில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது வாசலில் இழவுக்கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று துக்கத்துக்கு வந்த ஒரு சித்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “அன்னைக்கே ‘நேந்தேன்’னு வாயால சொல்லியிருந்தாச் சாமி காப்பாத்தியிருக்கும். ‘சும்மா போறேன்’னவளுக்கு அது எப்படிக் கைகொடுக்கும்?”

அந்தச் சித்திக்கு இன்று பதில் சொல்கிறேன். தாமதித்தது சாமி இல்லை. கயிறு கட்டியவர்களும், நாள் பார்த்தவர்களும், வண்டிக்குக் காத்திருந்தவர்களும் நம் வீட்டு மனிதர்கள். தங்கள் தலையில் ஏற வேண்டிய பழியைச் சாமியின் தலையில் ஏற்றினார்கள். சாமி சுமக்காமல் விட்ட பாதியை உங்கள் தலையிலும் ஏற்றினார்கள். என் மதினி சாமியை ஏய்க்க மறுத்தவள். அதற்குத் தண்டனை உண்டென்றால் அந்தச் சாமி எனக்கு வேண்டாம்.

உங்கள் சேலைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நம் வெயிலில் யாருக்கும் வேண்டாத பொருள் என்பதால் ஸ்வெட்டர் எனக்கு வந்தது.

இப்போது இந்த வீட்டுக் கதையைக் கேளுங்கள். கொடைக்கானல் என்று வாயெடுத்ததுமே மாமியார் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். கேட்ட முதல் கேள்வி, அப்படியே ஐயாவின் குரல்: “அங்கன எந்தக் கோயிலுக்கு?”

என் வீட்டுக்காரர் மில் ஆபீசில் வேலை பார்க்கிறார். சண்டைக்குப் பயந்த நல்ல மனிதர். அறைக்குள் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பிள்ளைக்கு மூச்சு சரியாகணும்னு வேண்டிக்கிட்டேன்னு சொல்லிரு. அம்மா அடுத்த நிமிசம் உண்டியலுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு தந்து அனுப்பிருவா. நமக்கும் நிம்மதி.”

மதினி, அப்படியே சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன. போவதற்காக இல்லை. அந்தப் பொய் என் பயத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அந்த நிமிடத்தில்தான் கண்டேன். நேர்த்திக்கடனுக்குப் போய்ப் பிள்ளைக்கு இழுத்தால் அது சோதனை. சும்மா பார்க்கப் போய் இழுத்தால் அது என் கொழுப்பு. அவர்கள் கோயிலைக் கேட்கவே இல்லை. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறார்கள். உங்களைப் போலக் குழந்தை இல்லாதவள் ‘சும்மா’ என்றால் திமிர் என்பார்கள். குழந்தை உள்ளவள் சொன்னால் அவள் தாயே இல்லை என்பார்கள்.

வெளியே வந்து மாமியார் முன்னால் உட்கார்ந்தேன்.

“நேத்திக்கடன் ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா பாக்கத்தான் போறோம். எனக்கு ஆசை.”

“ஆசையா?” அவர் என் மகனைப் பார்த்தார். “இழுப்புக்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒனக்கு ஆசை கேக்குதோ? அங்கன போயி இழுத்துச்சுன்னா?”

“மருந்து எங்கிட்ட இருக்கு. டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்கு மேலயும் இழுத்துச்சுன்னா, நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுங்க. தெருப் பூரா சொல்லுங்க. சாமி மேல போட வேண்டாம்.”

சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று எங்கள் அண்ணனைப் போலவே கால் விரலைப் பார்த்தார். ஆனால் பிறகு நிமிர்ந்து, “ஆமாம்மா, சும்மாத்தான் போறோம்” என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் அண்ணன் வாயில் அன்று வரவே இல்லை.

மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் பேரன் வழியாகத்தான். “ஏலே, ஒங்கம்மாவ உப்புக் கொண்டாரச் சொல்லு.” அவனும் ஓடிவந்து சொல்கிறான். இன்று காலையில் நான் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். கையில் கழுவிக் கவிழ்த்த ஒரு வெள்ளைக் கேன்.

“ஏலே, ஒங்கம்மாட்ட சொல்லு. நம்ம வீட்டுத் தண்ணியவே கொண்டு போவட்டும். அங்கன எவன் வீட்டுத் தண்ணியோ, அதைக் குடிக்க விடுவானோ மாட்டானோ.”

கேனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வேறு ஏதோவாக மாறிவிட்டது. பையன் பயந்துபோய் என் முகத்தைத் தடவினான்.

“அங்கன என்னம்மா இருக்கு?”

“மேகம்.”

“எதுக்குப் போறோம்?”

“சும்மா.”

சரி என்று சொல்லிவிட்டு அவன் தன் பொம்மை லாரியை உருட்டப் போய்விட்டான். இந்த வீட்டில் அந்த வார்த்தையை மறு கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவன்தான்.

கேனை நிரப்பித்தான் கொண்டு போகிறேன். உங்கள் ஸ்வெட்டரைப் பைக்குள் வைக்கவில்லை, போட்டுக்கொண்டு போகப்போகிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், சித்திரை வெயிலில், எல்லோரும் பார்க்கட்டும். எங்கே என்று கேட்டால் சொல்வேன். எதற்கு என்று கேட்டாலும் சொல்வேன்.

அங்கே போனதும், பையனின் காதை நீங்கள் பையில் அடுக்கிய போர்வை மடிப்புகளைப் போல அழுத்தமாக மூடுவேன். மருந்து கையில் இருக்கும். மூச்சைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், அது என்னை விட்டுப் போகாது. மேகம் வரும்போது எதிரில் நின்று, எங்கள் ஊர் உனக்கு என்ன குறைச்சல் என்று உங்கள் குரலிலேயே கேட்பேன். அது பதில் சொல்லாது, தெரியும்.

பிள்ளையின் காதை மூடுவேன் மதினி. சன்னலை மூட மாட்டேன்.