ஹேண்ட்பிரேக் பிடிக்காத ஜீப்

என் அன்புக்குரியவளே,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? என் போன் கேமரா கெட்டுவிட்டது, வீடியோவில் கூப்பிடாதே. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பட்டறையில் ஒரு கிழட்டு ஜீப் என் உயிரை வாங்கிவிட்டது. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. கேபிள்தான் தளர்ந்திருக்கிறது என்று முறுக்கி வைத்தேன். லிவர் விறைப்பாக நின்றது.

"அதான் டைட்டா இருக்கே, கல்லை எடுப்பா" என்றார் போர்மேன். நானும் பெரிய இவன் மாதிரி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தேன். ஜீப் யாரையும் கேட்காமல் கிளம்பிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

பிறகுதான் கழற்றிப் பார்த்தோம். கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து, அதை ஒட்டியே இருக்கும் ஹேண்ட்பிரேக்கின் லைனிங் ஊறிப்போயிருந்தது. ஊறின லைனிங் எங்கே பிடிக்கும்? கேபிளை எவ்வளவு இழுத்தால்தான் என்ன! நான் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, என் அறைக்கூட்டாளி ஆயில் சீலையும் லைனிங்கையும் மாற்றினான். இப்போது ஜீப் அசையாமல் நிற்கிறது.

"எப்ப வேலைக்கு வரட்டும்?" என்று போர்மேனைக் கேட்டேன். "பாக்கலாம்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கிடக்கட்டும்.

பிள்ளைகள் சண்டை போடும் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பு. பகலெல்லாம் அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். உன் தம்பி இங்கே வரும்போது, வார் தொளதொளத்துப் போன என் பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்தனுப்பு. இங்கே இருக்கிற செருப்பு இறுக்குகிறது.

கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறவன் வாசலில் அவசரப்படுத்துகிறான். முடிக்கிறேன்.

உன்னவன்

செருப்பில் இடது கால் மட்டும் போதும்.