பொட்டு வைத்த மண்சாக்கு

நீ விட்டுப்போன சாக்கை இன்று காலை பிரித்தேன். உள்ளே புளியமரத்தடி மண் மாவாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். தண்ணீர் தெளித்து மறுபடியும் முகர்ந்தேன். முதல் மழைக்கு எழும் அந்த வாசனை வரவில்லையடி. நீ செத்த அன்று அழாதவள், இன்று சாக்கின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஆந்திர எல்லையில், குடுபல்லி நர்சரியில் நாம் சேர்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பிய நாட்களை நினைக்கிறேன். நாற்று அழுகுகிறதென்று ஓனர் மண்ணையெல்லாம் டிரம்மில் போட்டு வேகவைக்கச் சொன்னார். வெந்த மண்ணில், வேருக்குத் துணையாகக் கடையில் வாங்கிய பூஞ்சைத் தூளைக் கலந்தோம். அப்படியும் புளிய நாற்றுகள் மஞ்சளடித்தே நின்றன. மண்ணைச் சோதிக்க வந்த மேடம் தெலுங்கில் விளக்கினார்: பூஞ்சை வேரோடு சேர மண்ணிலுள்ள பாக்டீரியாவும் உதவ வேண்டுமாம், வேகவைத்ததில் அது செத்துவிட்டதாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"தரகரக் கொன்னுட்டு கல்யாணம் பேசிக்கினு கீறோம்டீ!"

மறுநாளே ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு கூடை மண் அள்ளி வந்து, ஓனர் பார்க்காதபோது பைக்கு ஒரு பிடி போட்டாய்.

"பாத்தார்னா நம்மளையும் டிரம்முல போட்டுடுவாரு" என்றேன்.

"போடட்டும். நாத்து பொழைக்கும்ல?"

பிழைத்தது. அந்தப் பைகள்தான் பச்சை பிடித்தன.

காய்ச்சலில் படுத்தபோது இந்தச் சாக்கை என்னிடம் தந்தாய். "ரோட்டுக்குன்னு மரத்த வெட்டப் போறாங்களாம். இத நெழல்ல வையி, ஈரம் காயாம பாத்துக்க. வாய இறுக்கிக் கட்டாத, அதுக்கும் மூச்சு வேணும்." நீ போனாய். பின்னாலேயே மரமும் போனது. அதன் அடிமண்மேல் இன்று தார் கிடக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ தொட்ட மண் ஒரு சிட்டிகைகூடச் சிந்தக்கூடாதென்று வாயை இறுக்கிக் கட்டி, தகரக் கூரைக்கடியில் பரணில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைதோறும் சாக்குக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்துக் கும்பிட்டேன். ஒரு கோடை முழுக்க அது அங்கேயே வெந்திருக்கிறது. ஓனர் டிரம்மில் செய்ததை நான் பரணில் செய்தேன்.

வெட்டிய மரத்தின் கடைசி விதைகளைத்தான் இந்த ஆடியில் போட்டேன். முளைத்து, வெந்த மண்ணில் மஞ்சளாக நிற்கின்றன. அவற்றுக்காகத்தான் சாக்கை இறக்கினேன். பைக்கு ஒரு பிடி போட்டேன், ஓனர் பார்க்கும்போதே. அவர் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். செத்த மண் யாரை என்ன செய்துவிடும்?

நீ சொன்னதை விட்டுவிட்டு, நீ கொடுத்ததைக் கும்பிட்டவள் நான். என் நகக்கண்ணில் அந்த மண் இன்னும் ஒட்டியிருக்கிறது, கழுவ மனம் வரவில்லை. முகர்ந்தால் மஞ்சள் வாசனைதான் வருகிறது.