இருநூறுக்கு மேல்

அன்பு மகன் ஞானதாசுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த வீட்டில் முழுச் சுகமாக இருப்பது உன் அப்பா மட்டும்தான். மஸ்கட் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

என் விரல் வீக்கத்தைச் சிக்கன்குனியா விட்டுப்போன வலி என்று மூன்று வருஷம் எண்ணெய் தேய்த்தோமே, அது முடக்குவாதமாம். திண்டுக்கல்லில் புது டாக்டரம்மா ரத்தம் எடுத்து ஆன்டி சிசிபி என்று ஒன்று பார்த்தார். இருபதுக்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு இருநூறுக்கு மேல், அதற்கு மேல் எண்ண அந்த மெஷினுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு மார்க். கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி என் மூட்டையே அடிக்கிறதாம், இவ்வளவு இருந்தால் நுரையீரலையும் தொடலாம் என்று சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் நின்ற உன் அப்பா, "பொய் சொல்றா டாக்டர், மாடிப்படியில பாதியில நிண்டு தென்னை மரத்த எண்ணுறா" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். மனிதர் என்னைக் கவனிக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கம் தழும்பு. நாற்பது வருஷம் பீடி குடித்த உன் அப்பா பயந்துபோய்த் தானும் எக்ஸ்ரே எடுத்தார், ஒரு குறையும் இல்லை என்றார்கள். பீடியை வாயில் வைக்காத எனக்குத் தழும்பு. வீட்டுக்குள் புகை ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதும் அவர் தலை குனிந்துவிட்டது. "எனக்கு வர வேண்டியதுடீ" என்று வத்தலக்குண்டு வரும்வரை பஸ்ஸில் அதையே சொன்னார், பாஸான ஆள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பீடியை விட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. அந்தக் கைக்கு வேலை வேண்டுமே, சமையலறைக்குள் வந்துவிட்டார். அவர் வைக்கிற வெஞ்சனத்துக்குப் பீடியே தேவலை என்று வாய்வரை வந்தது, சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

நுரையீரல் தழும்பையாவது சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்கிறார் டாக்டரம்மா. மாத்திரையை மாற்றியிருக்கிறார், மூச்சின் பலம் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். நீ லீவு போட்டு ஓடி வராதே, கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும். காலையில் உனக்கும் விரல் விறைத்தால் அசட்டையாக விடாமல் ரத்தம் பார்த்துக்கொள். போனில் சொல்லாமல் இந்தக் கோணல் விரலால் மூன்று நாளாக ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், பேசினால் பாதி வார்த்தையில் எனக்கு மூச்சு வாங்குவது உன் காதில் விழுந்துவிடும் அப்பு.

மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும்.

உன் அம்மா,
செபாஸ்தியம்மாள்
சேவுகம்பட்டி