நாற்பது விநாடிக் குரல்

மார்ச் 3

அடி ஊமைக்கோட்டான்,

நலமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் போடுவாய், அதனால் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகைத் தொழிலில் புதுமை செய்கிறவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரு வருட ஃபெலோஷிப் தருகிறது. நம் 'குரல்பெட்டி'யை வைத்து விண்ணப்பம் போடுகிறேன். யாரும் கூப்பிட்டுச் செய்தியைப் பேசிவிட்டு வைத்துவிடலாம், எந்த எண்ணிலிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது. வேறு எந்தப் பத்திரிகையில் இது இருக்கிறது, சொல்!

உதாரணத்துக்கு ஒரு பதிவு கேட்கிறார்கள். நீ பேசியதில் நாற்பது விநாடி சேர்க்கட்டுமா? குரலை மாற்றிவிடுவேன். பதினோரு வருடமாக விபத்துச் செய்தி எழுதியே கை மரத்துப்போச்சு. இது கிடைத்தால்தான் எனக்கு விடிவு.

உன் வாயாடி

மார்ச் 9

வாயாடி,

வேண்டாம்டி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் மொத்தமே நான்கு பேர். பெயின்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற கிணறுகளில் எவ்வளவு ஈயம் என்று நான் நோட்டில் எழுதுகிறேன்; அறிக்கையாகும்போது அந்த எண் பாதியாகிவிடுகிறது. நோட்டிலும் மாற்றி எழுதச் சொன்னார் மேலாளர். மாட்டேன் என்றேன். அதனால்தான் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கூடத்திலிருந்தே உன் பெட்டியில் பேசினேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளுக்காகப் பேசியது அது. உன் விண்ணப்பத்துக்கு வேறு ஏதாவது பார். கோபித்துக்கொள்ளாதே. செய்தி எப்போது வரும்?

போனில் பேசாதே, எழுதியே கேள்.

கோட்டான்

மார்ச் 24

என் கண்ணே,

திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். கடைசி நாள் வந்துவிட்டது, வேறு நல்ல பதிவு அகப்படவில்லை. உன்னுடையதையே சேர்த்து அனுப்பிவிட்டேன். ஆண் குரலாக மாற்றியிருக்கிறேன், நீயே கேட்டால் "யாருடி இந்த ஆளு?" என்பாய். எங்கள் பத்திரிகை ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டுமே, அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். "அடேயப்பா, அசத்திட்டம்மா!" என்றார். செய்தியை மட்டும் இந்த மாதம் போட முடியாதாம், வக்கீல் பார்க்கணுமாம்.

உனக்கு ஒன்றும் ஆகாது. நான் இருக்கிறேன்.

வாயாடி

ஏப்ரல் 6

வாயாடி,

உன் ஆசிரியர் அந்தப் பதிவை யாருக்காவது போட்டுக் காட்டினாரா? உடனே எழுது.

நேற்று மேலாளர் எங்கள் நான்கு பேரையும் நிற்கவைத்து அதைப் போட்டார். கட்டைக் குரல்தான். ஆனால் பின்னால் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் கத்துகிறதடி! கதவு சரியாக மூடாவிட்டால் மூன்று முறை கீச்சிடும். குப்பி கழுவுகிற அக்கா வெள்ளந்தியாக, "அட, இது நம்ம ஃபிரிட்ஜுல்ல?" என்றாள். மேலாளர் சிரித்தார். "பேசினது யாருன்னு மெதுவா பாத்துக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவ்வளவு தன்மையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்று என் நோட்டைக் காணோம். பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓர் ஆள் பின்னாலேயே வந்தான். நான் ஏறினதும் திரும்பிப் போனான்.

கோட்டான்

ஏப்ரல் 12

கண்ணம்மா,

பாவி நான். ஆசிரியர் பெருமை தாங்காமல் விளம்பரதாரர் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெயின்ட் தொழிற்சாலைக்காரரும் அங்கே உட்கார்ந்திருந்து, ஒரு பிரதி வாங்கிப் போயிருக்கிறார். குரலை மாற்றினேனே தவிர, பின்னால் கேட்ட சத்தத்தைக் கவனிக்கவில்லை. அழுதழுது முகம் வீங்கிப்போச்சு.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாது, கேட்கிறேன். என்னை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். பேசியவரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புடி. தேதியை மட்டும் மார்ச் 10 என்று போட்டுவிடு. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

வாயாடி

ஏப்ரல் 19

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டு ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன்.

நேற்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார்கள். "பாப்பா எந்த ஸ்கூல்? எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டார்கள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அவர்கள் போனதிலிருந்து என் கணவர் என்னோடு பேசுவதில்லை.

சம்மதக் கடிதம் அனுப்பவில்லை. ஓர் எண்ணை மாற்றி எழுத மாட்டேன் என்றதற்குத்தானே எனக்கு இத்தனையும்? உனக்காக ஒரு தேதியை மாற்றி எழுதிவிட்டு எந்த முகத்தோடு போய் மேலாளர் முன்னால் நிற்பேன்?

நாளை காலை பத்து மணிக்குக் கூடத்தில் விசாரணை. நீதான் பேசினாயா என்றால் ஆமாம் என்பேன். நோட்டு போனால் போகட்டும், எண்கள் எனக்கு மனப்பாடம். பதிவை வெளியே கொடுக்கச் சம்மதித்தாயா என்றால் இல்லை என்பேன். பல்கலைக்கழகத்துக்கும் அப்படியே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அது போய்ச் சேர நான்கு நாளாகும். அதற்குள் நீயே சொல்லிவிடு.

இனி எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை, கோபமும் இருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தை யாரோ பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டித்தான் என் வீட்டில் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன்னோடு ஓர் அறையில் தங்கிப் படித்தவள்