மனைவியின் இரண்டு கண்கள்

அன்புள்ள என்னவருக்கு,

வரி கோணிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்புரை முற்றிவிட்டது.

நேற்று உங்கள் அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டர் பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "உங்களுக்குப் போன வருஷமே ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆயிடுச்சேம்மா. மறுபடியும் பணம் தரமாட்டாங்க."

"எனக்கா?"

"பென்ஷன்காரரோட மனைவின்னு போட்டிருக்கு. அவரே கூட வந்து கையெழுத்துப் போட்டிருக்காரு."

தேதியைக் கேட்டேன். உங்கள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் போய்ப் பத்து நாள் தங்கினீர்களே, அதே நாட்கள். திரும்பி வந்த பெட்டியில் கண் சொட்டு மருந்து இருந்தது. அண்ணனுக்கு வாங்கியது என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

பாவம், அந்தப் பெண் எனக்காகக் கொதித்துப்போனாள். "யாரோ அவர் கையெழுத்தையும் போட்டு ஏமாத்தியிருக்காங்கம்மா. இதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வீட்டுக்கே விசாரிக்க வருவாங்க" என்று புகார்ப் படிவத்தை அவளே நிரப்பித் தந்தாள்.

படிவம் இந்தக் கடிதத்துக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதை மட்டும் விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆபரேஷன் ஆகாத மனைவி